மிங்கோரா–பெஷாம் ஹயஸ் வான்: ஒரு பஸ் சாரதியின் மகன் போடும் மார்க்

ஐந்துக்கு நான்கு. குறைத்த அந்த ஒன்று என் முழங்காலுக்காக. நான்கு மணி நேரம் முழங்காலை முன்சீட்டில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்து பாருங்கள், உங்களுக்கும் அந்த ஒரு மார்க்கைக் கொடுக்கக் கை வராது.

நான் எழுதுவது பாகிஸ்தானின் கைபர் பக்தூன்க்வா மாகாணத்தில், ஸ்வாத் பள்ளத்தாக்கின் மிங்கோராவில் புறப்பட்டு, ஷாங்லா மலையில் ஏறி இறங்கி, சிந்து நதிக்கரையில் இருக்கும் பெஷாம் வரை ஆள் ஏற்றி ஓடும் டொயோட்டா ஹயஸ் வான்களைப் பற்றி. கம்பனிப் பெயர் கிடையாது, டிக்கெட் கிடையாது, இணையத்தில் சீட் பிடிக்க வழி கிடையாது. வான் ஒருவருடையது, ஓட்டுவது இன்னொருவர், ஆள் ஏற்றுவது அட்டாவில். நம் ஊர் பஸ் தரிப்பிடத்தைத்தான் அங்கே அட்டா என்கிறார்கள்.

இஸ்லாமாபாத்தில் வேலைக்கு வந்திருக்கும் எங்களைப் போன்றவர்கள் ஸ்வாத் என்றால் ஒரு கார் பிடித்துக் கலாம் என்ற ஊர் வரை போவார்கள், ஆற்றங்கரையில் நின்று படம் எடுப்பார்கள், திரும்பிவிடுவார்கள். கிழக்கே ஒரு மலையைத் தாண்டினால் ஷாங்லா என்று ஒரு மாவட்டமே கிடக்கிறது. 2017 குடிசன மதிப்பீட்டின்படி ஏழரை லட்சம் பேர் இருக்கும் மாவட்டம், ஆனால் நகரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மலை, ஓடை, படிப்படியாக வெட்டிய சோள வயல், வயலுக்கு ஒரு வீடு, அவ்வளவுதான். பேச்சு பஷ்தோ. மேலே மாடு மேய்க்கும் கூஜர் குடும்பங்கள் வீட்டுக்குள் கூஜரி பேசுகின்றன. 1969 வரை ஸ்வாத் சமஸ்தானத்தின் பகுதி, அப்புறம் ஸ்வாத் மாவட்டத்தின் பகுதி, 1995 இல்தான் தனி மாவட்டம். அங்கே போக நினைத்தால் கார் வேண்டாம், இந்த வானில் போங்கள் என்று சொல்லத்தான் இவ்வளவும். காரில் போனால் மலை மட்டும்தான் கிடைக்கும்.

மார்க் போட உனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு: என் அப்பா இலங்கை போக்குவரத்துச் சபையில் ஹட்டன்–மஸ்கெலியா பாதையில் பஸ் ஓட்டியவர். பள்ளி விடுமுறையெல்லாம் அவருக்குப் பின்சீட்டில் கழிந்தது. கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் சத்தத்தை வைத்தே வண்டி எந்தக் கியரில் போகிறது என்று சொல்வேன். ஆகவே, மலைப்பாதையில் யார் வண்டியில் ஏறினாலும் காட்சியைப் பார்க்கமாட்டேன், சாரதியின் இடது காலையும் வலது காலையும்தான் பார்ப்பேன். என் மனைவிக்கு இந்தப் பழக்கம் அறவே பிடிக்காது.

முதலில் அட்டா. வான் நிரம்பும் வரை புறப்படாது. எப்போது நிரம்பும் என்று கேட்டால் “இதோ” என்பார்கள். அந்த “இதோ” ஒரு மணி நேரம்கூட ஆகலாம். காலையில் வெள்ளனவே போனால் சீக்கிரம் நிரம்பும், பத்து மணிக்கு மேல் என்றால் பொறுமை வேண்டும். இதற்குள் கூரையில் சாமான் ஏறும்: மாவு மூட்டை, உரம், சுருட்டிய தகரம், கால் கழற்றிய கயிற்றுக் கட்டில், ஒரு நாள் கூண்டோடு கோழி. எல்லாவற்றையும் தார்ப்பாயால் மூடிக் கட்டுவது நடத்துநர்ப் பையன். பதினைந்து பதினாறு வயதுதான் இருக்கும், முடிச்சு மட்டும் அனுபவசாலியின் முடிச்சு.

சீட் போடுவதில்தான் அவனுடைய உண்மையான மூளையைப் பார்த்தேன். உள்ளே வரிசைக்கு நால்வர். அந்நிய ஆணுக்குப் பக்கத்தில் பெண்ணை உட்கார வைக்கக்கூடாது, இது இங்கே எழுதாத சட்டம். எங்களுக்கு முன்னால் ஆண்கள் எல்லோரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள் போய் நின்றதும் பையன் வாசலில் இருந்து ஒரு பார்வை பார்த்தான், பஷ்தோவில் நாலு வார்த்தை சொன்னான். இரண்டாவது வரிசையில் மூன்று பேர் எழுந்து பின்னால் போனார்கள், பின்னால் இருந்த ஒருவர் சாரதிக்குப் பக்கத்தில் போனார், ஒரு பெரியவர் மகளோடு நடுவில் வந்தார். ஜன்னலோரம் என் மனைவி, அடுத்து நான். எனக்கு மறுபக்கம் ஓர் ஆண். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை, “ஏன் நான்” என்று கேட்கவில்லை. நடுவழியில் ஒரு பெண் ஏறினாலும் இதே ஆட்டம் திரும்ப நடக்கும். ஓடும் வண்டியிலேயே.

தனியாகப் போகும் பெண்களுக்கு ஒரு தகவல்: பக்கத்து சீட்டுக்கும் சேர்த்துக் காசு கொடுத்தால் இரண்டு இடமும் உங்களுக்கு. கேட்டாலே போதும், புரிந்துகொள்வார்கள். கட்டணம் எவ்வளவு என்று நான் எழுதப்போவதில்லை. எரிபொருள் விலை ஏறும்போதெல்லாம் அதுவும் ஏறுகிறது. ஏறுமுன் பக்கத்தில் நிற்கும் பயணியிடம் கேளுங்கள், வெளியூர்க்காரன் என்பதற்காக யாரும் என்னிடம் கூட்டி வாங்கியதில்லை.

ஃக்வாசாகேலா வரை ஸ்வாத் ஆறு இடப்பக்கம் கூடவே வரும். பழத்தோட்டம், கடைத்தெரு, தூசு, ஹோர்ன். இந்தப் பகுதியில் தூங்கிவிடுங்கள், இழப்பு ஒன்றுமில்லை. ஃக்வாசாகேலாவில் ஆற்றை விட்டு வலப்பக்கம் திரும்பியதும் விழித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பெஷாம் வரை 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நடுவில் ஷாங்லா டொப் என்ற கணவாய், 2,100 மீட்டர் உயரத்தில். ஏறும்போது சோள வயல் முடிந்து பைன் மரம் தொடங்கும், ஜன்னலைத் திறந்தால் காற்று மாறியிருக்கும். நாங்கள் போனது ஒக்டோபரில். வீட்டுக் கூரையெல்லாம் சோளப்பொத்தி காயப் போட்டிருந்தார்கள். தட்டையான மண் கூரை என்பதால் கூரைதான் அவர்களுக்கு முற்றம், களம், குழந்தைகள் விளையாடும் இடம் எல்லாம். 2005 ஒக்டோபர் 8 நிலநடுக்கம் இந்த மாவட்டத்தையும் விடவில்லை. அதற்குப் பிறகு கட்டியது என்று தகரக் கூரை வீடுகளைக் காட்டினார் பக்கத்தில் இருந்தவர். தகரத்தில் சோளம் காயப் போட முடியாது என்பது அவருடைய மனைவியின் முறைப்பாடாம்.

சரி, ஓட்டுநர். பாகிஸ்தானில் சாரதியை “உஸ்தாத்” என்றுதான் கூப்பிட வேண்டும், ஆசானை அழைக்கும் சொல். எங்கள் உஸ்தாதுக்கு ஐம்பது வயதிருக்கும். தலையில் கம்பளி பகோல் தொப்பி, வாயில் பேச்சே இல்லை. ஏற்றத்தில் வண்டியைத் திணறவிடாமல் முன்கூட்டியே கியர் இறக்கினார். வளைவுக்கு முன் ஒரு ஹோர்ன், பதில் வந்தால் ஓரம். மேலே ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பதைத் தவறாமல் செய்தார். கைத்தொலைபேசி அடித்தது, பையன் எடுத்துப் பேசினான்.

இறக்கத்தில்தான் மார்க் கூடியது. கணவாயிலிருந்து பெஷாம் வரை ஏறக்குறைய 1,500 மீட்டர் இறங்க வேண்டும். மனுசன் இரண்டாம் கியரில் போட்டுவிட்டு எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி விட்டார். வளைவுக்கு முன் பிரேக்கைத் தொட்டு விடுவார், மிதித்தபடியே இறங்கமாட்டார். வழியில் வரும் அல்புரி ஊருக்குக் கொஞ்சம் மேலே ஒரு வளைவில் கருகிய வாடை. நான் பயந்துபோனேன், ஆனால் வாடை எங்களுடையதல்ல. முன்னால் ஒரு கார் ஓரம் கட்டி நின்றது, சக்கரத்திலிருந்து புகை. லாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். காரை ஓட்டிய இளைஞர் தண்ணீர்ப் போத்தலோடு சக்கரத்தை நோக்கிக் குனிந்துகொண்டிருந்தார். உஸ்தாத் வானை நிறுத்திய வேகத்தில் முதல்தடவையாக அவர் குரலைக் கேட்டோம். “ஊற்றாதே!”

இறங்கிப் போனார். பையன் சொல்லாமலே இரண்டு கல்லை எடுத்துக் காரின் சக்கரத்துக்கு அடியில் வைத்தான். சூடான பிரேக்கில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இரும்பு வெடித்துவிடும், அரை மணி நேரம் சும்மா விடு, அப்புறம் முதல் கியரிலோ இரண்டாம் கியரிலோ இறங்கு என்று உடைந்த உருதுவில் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வானிலிருந்து ஒரு பை நிறைய அக்ரோட்டுக் கொட்டை கொண்டுவரச் சொன்னார், அது யாரோ ஒரு பயணியுடையது. அந்தப் பயணியும் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். எங்களுக்கு இருபது நிமிடம் தாமதம், வானுக்குள் ஒரு முணுமுணுப்பு இல்லை. அப்பா உயிரோடு இருந்திருந்தால் அன்று இரவே தொலைபேசியில் சொல்லியிருப்பேன்.

கணவாயில் தொழுகைக்கு நிறுத்துவார்கள். பள்ளிவாசல், ஊற்றுத் தண்ணீர், இரண்டு மூன்று சாப்பாட்டுக் கடை. சப்ளி கபாப் கிடைக்கும். அரைத்த மாட்டிறைச்சியில் சோள மா, தனியா, காய்ந்த மாதுளை விதை எல்லாம் சேர்த்து, கொழுப்பில் பொரிப்பது. நான் சாப்பிடுவதில்லை, சாப்பிட்ட என் மனைவி நன்றாக இருந்தது என்றாள். எனக்குச் சோள ரொட்டியும் கீரையும். தேத்தண்ணீர் ஏலக்காய் போட்ட பச்சைத் தேயிலை, அது அருமை. பால் தேத்தண்ணீரைப் பற்றித்தான் ஹட்டன்காரனாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: கென்யத் தேயிலையைச் சீனியோடு கொதிக்கக் கொதிக்க வைத்துக் கொல்கிறார்கள். பாகிஸ்தானுக்கு வரும் தேயிலையில் பெரும்பகுதி கென்யாவிலிருந்துதான். ஒரு காலத்தில் எங்கள் தேயிலை இருந்த இடம் அது. போகட்டும்.

அங்கேதான் பெரியவர் பேசத் தொடங்கினார். எந்த நாடு? சிறிலங்கா. முஸ்லிமா? இல்லை, இந்து. “சரி, தேத்தண்ணீர் ஆறுகிறது, குடி.” அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அடுத்தது கிரிக்கெட். 1996 இல் லாகூரில் உலகக் கிண்ணத்தை வென்றது அவருக்கு நினைவிருக்கிறது, முரளிதரன் கண்டியில் பிறந்த தமிழர் என்று நான் சொன்னது அவருக்குப் புதுச் செய்தி. அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். 2009 மார்ச்சில் லாகூரில் எங்கள் அணி போன பஸ்ஸைச் சுட்டார்களே, அது எங்களுக்கு வெட்கம் என்றார். நான் அந்த பஸ் சாரதி மெஹர் முகமது கலீலைப் பற்றிச் சொன்னேன். குண்டு பாய்ந்துகொண்டிருக்கும்போது வண்டியை மைதானத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தவர், எங்கள் நாட்டுக்கு அழைத்து மரியாதை செய்தோம். அப்பா அவரைப் பற்றிப் பேசும்போது கிரிக்கெட்டைப் பற்றி ஒரு சொல் பேசமாட்டார், அவர் கிளட்சை எப்படி விட்டிருப்பார் என்றுதான் பேசுவார். பெரியவர் இதைப் பஷ்தோவில் மொழிபெயர்த்தார். பேசாத உஸ்தாத் எங்கள் தேத்தண்ணீர்க் காசைக் கொடுத்துவிட்டு வண்டிக்குப் போனார். நான் எவ்வளவு மறுத்தும் கேட்கவில்லை.

இனி நான் அதிகம் யோசித்த விஷயம். எனக்கு மறுபக்கம் இருந்த மனிதருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். நெற்றியிலும் புருவத்திலும் நீலமாகச் சின்னச் சின்னக் கோடுகள். பச்சை குத்தியது என்று நினைத்தேன், நிலக்கரித் தூள் காயத்துக்குள் போய் ஆறிய தழும்பு என்றார். பலூசிஸ்தானில் குவெட்டாவுக்குப் பக்கத்துச் சுரங்கத்தில் வேலை. தம்பி கல்யாணத்துக்கு ஊர் வருகிறார், இரண்டு நாளாக பஸ்ஸில்.

ஷாங்லாவின் முக்கிய ஏற்றுமதி இவர்தான். வயல் சிறியது, அண்ணன் தம்பிகள் அதிகம், மாவட்டத்துக்குள் வேலை இல்லை. ஆகவே பையன்கள் பலூசிஸ்தானுக்கும் தர்ரா ஆதம் கேலுக்கும் நிலக்கரி வெட்டப் போகிறார்கள். ஜமாதார் எனப்படும் ஆள்பிடிப்பவர் முற்பணம் கொடுப்பார், அதைப் பேஷ்கி என்கிறார்கள். கடன் கழியும் வரை அந்தச் சுரங்கத்தை விட்டு வரமுடியாது. தேயிலைத் தோட்டத்து முற்பணமும் கங்காணியும் என்னவென்று பாட்டி சொல்லிக் கேட்டவன் நான், அவர் விளக்கி முடிக்கும் முன்பே விளங்கிவிட்டது. 2018 மே மாதம் குவெட்டா அருகே ஒரே நாளில் இரண்டு சுரங்க விபத்தில் இறந்தவர்களில் பெரும்பாலோர் ஷாங்லாக்காரர்கள். 2011 இல் கடத்தப்பட்ட 16 ஷாங்லாத் தொழிலாளர்களின் உடல்கள் பத்து வருடம் கழித்து, 2021 இல்தான் கிடைத்தன. அவர் இதையெல்லாம் செய்தி வாசிப்பது போலச் சொல்லவில்லை. ஜன்னல் வழியே விரல் நீட்டி, “அந்த வீட்டில் இரண்டு பேர், அதற்குக் கீழே ஒருவர்” என்று காட்டிக்கொண்டே வந்தார். சுரங்கச் செய்தி வந்த வாரம் உறவினர்களை ஏற்றினால் அந்த உஸ்தாத் காசு வாங்குவதில்லை என்பதும் அவர் சொன்னதுதான்.

உங்கள் பிள்ளை? ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் இருக்கிறாள், பள்ளிக்கூடத்தை நிறுத்தமாட்டேன் என்றார். மலாலாவின் அப்பா ஷாங்லாக்காரர். மலாலா தன் நோபல் பரிசுப் பணத்தைக் கொண்டு இந்த மாவட்டத்துப் பர்கானா கிராமத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டினார், 2025 மார்ச்சில் ஊருக்கும் வந்து போனார். அவரைப் பற்றி வானுக்குள் ஒரே கருத்து இல்லை. பின்வரிசையில் ஒருவர் ஏதோ சொல்ல, சுரங்கக்காரர் திரும்பி நீளமாகப் பதில் சொன்னார். மொழிபெயர்க்கச் சொன்னேன். “விடுங்கள், வீட்டுச் சண்டை” என்று சிரித்தார்.

அல்புரி மாவட்டத் தலைநகரம் என்கிறார்கள். ஒரு கடைத்தெரு, நீதிமன்றம், ஆஸ்பத்திரி. 2007 நவம்பரில் ஸ்வாத் தலிபான் தலைவர் ஃபஸ்லுல்லாவின் ஆட்கள் இதைக் கைப்பற்றினார்கள், இராணுவம் வந்து மீட்டது. இன்று பார்த்தால் அப்படி ஒன்று நடந்த சுவடே இல்லை. பெரியவர் மட்டும், வாலி, அதாவது ஸ்வாத் சமஸ்தானத்து மன்னர், ஆண்ட காலத்தில் பாதையில் மண்சரிவு விழுந்தால் மறுநாளே அள்ளிவிடுவார்கள், இப்போது மனு எழுத வேண்டும் என்றார். ஸ்வாத் பக்கத்தில் அறுபது வயதைத் தாண்டிய யாரிடம் பேசினாலும் வாலியின் ஆட்சி வந்துவிடும். அதில் கொஞ்சம் கழித்துக்கொண்டு கேட்கலாம். ஆனால் மனு விஷயத்தில் அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். 2025 ஓகஸ்ட் வெள்ளம் பக்கத்து புனேர் மாவட்டத்தைச் சிதைத்தபோது ஷாங்லாவிலும் ஓடைகள் பாதையைத் தின்றன. நாங்கள் போனபோது பல இடத்தில் பாதை இன்னும் அரைப்பாதைதான், மறுபாதி ஓடைக்குள் கிடந்தது.

அப்புறம் ஓடை அகன்று, வெப்பம் ஏறி, ஒரு திருப்பத்தில் சிந்து நதி. பஷ்தோவில் அபாசின். மண் நிறத்தில், சத்தத்தோடு. மலைக்கு அந்தப் பக்கம் விட்டுவந்த ஸ்வாத் ஆறும் காபூல் ஆற்றோடு சேர்ந்து அட்டக் அருகே இதில்தான் விழுகிறது என்பதை வரைபடம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சீனா வரை போகும் காரகோரம் நெடுஞ்சாலை பெஷாம் கடைத்தெருவுக்கு நடுவே ஓடுகிறது.

குறைகள் என்று கேட்டால்: பின்வரிசை ஜன்னல் திறக்காது. சீட் பெல்ட் இல்லை. சில வான்களின் டயரைப் பார்த்தாலே வயிறு கலங்கும், ஆகவே ஏறுமுன் குனிந்து பாருங்கள், வழுக்கையாக இருந்தால் அடுத்த வானுக்கு நில்லுங்கள். எல்லா உஸ்தாதும் எங்கள் உஸ்தாத் மாதிரி இல்லை. வேறொரு தடவை வந்த இளைஞர் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டார், நான் பாதியிலேயே மனைவியோடு இறங்கிவிட்டேன். அவருக்குத் தனி மார்க், அது பூச்சியம்.

வாந்தி வருபவர்கள் மாத்திரையை ஃக்வாசாகேலாவுக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் கணவாயில் பனி விழும், சில நாள் பாதை மூடியிருக்கும். வெளிநாட்டவர்கள் கடவுச்சீட்டின் பிரதிகள் நாலைந்து வைத்திருப்பது நல்லது. 2024 மார்ச்சில் பெஷாம் அருகே சீனப் பொறியியலாளர்கள் மீது தற்கொலைத் தாக்குதல் நடந்த பிறகு பொலிஸ் காவலரண்களில் கேள்வி அதிகம். பெயர் எழுதிக்கொள்வார்கள், எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்பார்கள். வான் முழுக்க உங்களுக்காகக் காத்திருக்கும். காவலரணையும் பெண்களையும் படம் எடுக்காதீர்கள். இருட்டிய பிறகு இந்தப் பாதையில் போகவே போகாதீர்கள்.

திரும்ப அதே வழியில் வர வேண்டியதில்லை. பெஷாமிலிருந்து தாகோட் போனால் ஹஸாரா அதிவேகப்பாதை, அங்கிருந்து இஸ்லாமாபாத் சுலபம். ஓர் இரவு பெஷாமில் தங்குவதென்றால் ஆற்றுப் பக்கத்து அறைதான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். வீதிப் பக்கம் கொடுத்தால் விடிய விடிய லொறி ஹோர்ன்தான்.